‘பட்ஜெட்’ என்ற சொல் வந்த வழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு பிப்ரவரியிலும் நாளிதழ்களில் ஒரு துணுக்கு தவறாமல் வரும்: “பட்ஜெட் என்பது பூஜெத் என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது, தோல்பை என்று பொருள்.” அதில் பொய் இல்லை. ஆனால் அது பாதிக் கதைதான். அந்தச் சொல் பிரெஞ்சில் பிறக்கவும் இல்லை, அங்கே இருந்தவரை அதற்கும் அரசாங்கக் கணக்குக்கும் தொடர்பும் இல்லை. மீதிப் பாதியைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம். கீழே வரும் புல்கா, பூஜ், பூஜெத் எல்லாவற்றிலும் முதல் எழுத்தை ‘பஸ்’ என்பதில் வரும் ‘ப’ போல வாசிக்கவும்.

சுருக்கமாக, சொல் வந்த வழி என்ன?

இன்றைய பிரான்ஸ் பகுதியில் பழங்காலத்தில் வாழ்ந்த கௌல் மக்களின் கெல்டிய மொழியில் தோல்பையைக் குறித்த சொல் லத்தீனுக்குள் ‘புல்கா’ என்று நுழைந்தது. பிரெஞ்சில் அது ‘பூஜ்’ ஆனது. சிறிய பூஜ் ‘பூஜெத்’. அதை 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் வாங்கி ‘பட்ஜெட்’ ஆக்கியது. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கில அரசியல் அதற்கு வரவு செலவுப் பொருளைக் கொடுத்தது. அந்தப் புதுப் பொருளோடு பிரெஞ்சு அதை ஆங்கிலத்திடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டது. இன்று பிரான்சில் புழங்கும் ‘பட்ஜெட்’ பழைய பூஜெத்தின் தொடர்ச்சி அல்ல, ஆங்கிலத்திலிருந்து இறக்குமதியானது.

புல்கா லத்தீன் சொல் இல்லையா?

லத்தீன் நூல்களில் உள்ள சொல்தான், ஆனால் ரோமர்களே அதை அயல்சொல் என்று அறிந்திருந்தார்கள். கௌல் மக்கள் தோலால் ஆன சிறு பைகளை புல்கா என்பார்கள் என்று ரோம இலக்கண அறிஞர் பெஸ்டுஸின் சொற்பொருள் தொகுப்பு சொல்கிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் அங்கதக் கவிஞர் லூசிலியுஸின் வரிகளிலும் இது வருகிறது. வண்டி மாடு இல்லை, அடிமை இல்லை, கூட வர ஆளும் இல்லை என்ற ஒருவன் தன் காசையெல்லாம் புல்காவில் போட்டுக்கொண்டு அதனோடு சாப்பிடுகிறான், தூங்குகிறான், குளிக்கிறான். அவனுக்கு எல்லாமே அந்த ஒரு புல்காதான். பணப்பை என்ற பொருள் ஆரம்பத்திலேயே இருந்தது என்பதை இந்த வரிகள் காட்டுகின்றன. லூசிலியுஸ் இதே சொல்லைக் கருப்பை என்ற பொருளிலும் ஆண்டிருக்கிறார்.

ஐரிஷ் மொழியின் பழைய வடிவத்தில் பை என்பதற்கு ‘போல்க்’, வெல்ஷ் மொழியில் வயிறு என்பதற்கு ‘போல்’. இவையெல்லாம் ‘உப்புதல், வீங்குதல்’ என்ற பொருளுடைய ஓர் இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்தவை. பையும் வயிறும் ஒரே வேரில் நிற்பதற்கு அதுதான் காரணம்.

புல்கா எப்படி பூஜ் ஆக முடியும்? ஓசை கொஞ்சமும் ஒத்துப்போகவில்லையே.

இரண்டு ஒலி மாற்றங்கள். இரண்டும் இந்த ஒரு சொல்லுக்காக ஏற்பட்டவை அல்ல, மொழி முழுக்க நடந்தவை.

ஒன்று: மெய்யெழுத்துக்கு முன்னால் நின்ற லத்தீன் ‘ல்’ பிரெஞ்சில் கரைந்து ‘உ’ ஓசையாயிற்று. விடியலைக் குறிக்கும் ‘ஓப்’ லத்தீன் ‘அல்பா’விலிருந்து வந்தது. அகழெலிக்கு ‘தால்பா’ என்றது ‘தோப்’ ஆனது. தூளைக் குறித்த லத்தீன் ‘புல்வெரெம்’ பிரெஞ்சில் ‘பூத்ர்’ ஆகி, அது ஆங்கிலத்துக்குப் போய், நம் வீட்டு ‘பவுடர்’ ஆகியிருக்கிறது. அங்கேயும் ‘ல்’ காணாமல் போயிருப்பதைக் கவனியுங்கள்.

இரண்டு: ‘அ’வுக்கு முன்னால் நின்ற ‘க’ (ககனத்தில் வரும் மெல்லோசை) முதலில் ‘ஜ’ ஆனது. ‘லார்கா’ என்ற லத்தீன் சொல் ‘லார்ஜ்’ ஆனது இப்படித்தான். 13ஆம் நூற்றாண்டு வாக்கில் பிரெஞ்சு அந்த ‘ஜ’வை மேலும் மென்மையாக்கி, ‘ஷ’வை அதிர்வோடு சொல்வது போன்ற ஓசைக்கு மாற்றிக்கொண்டது. ஆங்கிலமோ முன்பு வாங்கிய வன்மையான ‘ஜ’வையே வைத்துக்கொண்டது. ஆகவே லார்ஜ், ஜட்ஜ், பட்ஜெட் மூன்றிலும் நாம் இன்று கேட்கும் ‘ஜ’ இடைக்காலப் பிரெஞ்சின் உச்சரிப்பு. பாரிஸில் அது எப்போதோ போய்விட்டது.

பூஜெத்தின் கடைசியில் வரும் ‘எத்’?

சிறுமைப் பொருள் தரும் பெண்பால் விகுதி. சிகரெட், காஸெட் எல்லாவற்றிலும் இருப்பதுதான். பூஜ் பெரிய பயணப் பை; பூஜெத் இடுப்பிலோ சேணத்திலோ கட்டிக்கொள்ளும் சின்னப் பை.

ஆங்கிலத்தில் முதலில் என்ன பொருளில் வந்தது?

தோல்பை, அவ்வளவுதான். பாத்திரம் ஈயம் பூசுகிறவர், ஊர் ஊராகப் போகும் வியாபாரி, தபால்காரர் போன்றவர்கள் சுமந்து திரிந்த பை. ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றில் ஈயம் பூசுவோர் பன்றித்தோல் பட்ஜெட் சுமப்பதாக ஒரு பாட்டு வரும். இன்னொரு நாடகத்தில் இருளில் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ள ஒருவர் ‘மம்’ என்றும் மற்றவர் ‘பட்ஜெட்’ என்றும் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. ‘மம்-பட்ஜெட்’ என்றால் வாயைத் திறக்காதே என்று அர்த்தம்.

குலச் சின்னங்களில் இந்தச் சொல்லின் பழைய வடிவம் உறைந்து கிடக்கிறது. ‘வாட்டர் பூஜெட்’ என்ற சின்னம், காவடித் தண்டு போன்ற ஒரு கட்டையில் தொங்கும் இரண்டு தண்ணீர்த் தோல்பைகள். இங்கிலாந்தின் ராஸ் குடும்பத்துக் கேடயத்தில் சிவப்புப் பின்னணியில் வெள்ளி நிறத்தில் இப்படி மூன்று உண்டு.

அடுத்து, பையின் பெயர் பைக்குள் இருப்பதற்கு ஆகிவந்தது. ஒரு மூட்டைச் செய்தி, ஒரு கட்டுக் கடிதம், ஒரு குவியல் கதை எல்லாமே பட்ஜெட். அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில் அன்றைக்குப் போகவேண்டிய செய்திகளின் பட்டியலை இன்றும் பட்ஜெட் என்கிறார்கள். பணத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

பிறகு அரசாங்கக் கணக்கு எப்படி வந்தது?

கேலியாக வந்தது. 1733இல் பிரிட்டனின் நிதிப் பொறுப்பைக் கையில் வைத்திருந்த ராபர்ட் வால்போல், ஒயினுக்கும் புகையிலைக்கும் கலால் வரி விதிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார். கடும் எதிர்ப்பு. அப்போது ‘பட்ஜெட் திறக்கப்பட்டது’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு துண்டுப்பிரசுரம் வெளியானது. எதிரணியின் வில்லியம் புல்ட்னி எழுதியது என்று கருதப்படுகிறது. சந்தையில் கூட்டம் கூட்டி, தோல்பையைத் திறந்து, சகல நோய்க்கும் மருந்து என்று லேகியம் விற்கும் போலி வைத்தியனாக அது வால்போலைச் சித்திரித்தது. வால்போல் அந்த ஆண்டே திட்டத்தைக் கைவிட வேண்டியதாயிற்று.

திட்டம் போனது, சொல் நின்றது. சில பத்தாண்டுகளுக்குள் நிதி அமைச்சர் ‘பட்ஜெட்டைத் திறந்தார்’ என்று கேலியே இல்லாமல் நாடாளுமன்றத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு ‘திறப்பது’ கழன்று விழுந்து, வரவு செலவு அறிக்கையே பட்ஜெட் ஆனது. குடும்ப பட்ஜெட், பட ‘பட்ஜெட்’ எல்லாம் இதன் கிளைகள். மலிவு என்ற பொருளில் பட்ஜெட் ஹோட்டல், பட்ஜெட் போன் என்பது 20ஆம் நூற்றாண்டுப் பழக்கம்.

துணுக்குச் செய்திகள் விட்டுவிடுவது இந்த இடத்தைத்தான். தோல்பைக்கும் நிதிநிலை அறிக்கைக்கும் நடுவில் நிற்பது அமைச்சர் கையிலிருந்த எந்த நிஜப் பையும் அல்ல, ஓர் எதிர்க்கட்சிக்காரரின் நக்கல்.

பிரெஞ்சு அதை ஆங்கிலத்திடமிருந்து திரும்ப வாங்கியது என்பதற்கு என்ன சான்று?

ஆண்டுக் கணக்கு ஒருபுறம் இருக்க, எழுத்துக்கூட்டலே காட்டிக்கொடுக்கிறது.

முதலாவது ‘டி’ எழுத்து. குறில் உயிருக்குப் பின் ‘ஜ’ ஓசை வந்தால் ‘ஜி’ எழுத்துக்கு முன்னால் ஒரு ‘டி’ சேர்த்து எழுதுவது ஆங்கில வழக்கம். நீதிபதியைக் குறிக்கும் சொல்லைப் பிரெஞ்சில் ‘டி’ இல்லாமலும் ஆங்கிலத்தில் ‘டி’யோடும் எழுதுவதை ஒப்பிட்டுப் பாருங்கள். பிரெஞ்சில் இப்படி ‘டி-ஜி’ சேர்ந்து வருகிற சொல் கண்ணில் பட்டால், அது கேட்ஜெட், பிரிட்ஜ் சீட்டாட்டம் போல ஆங்கிலத்திலிருந்து வந்ததாக இருக்கும்.

இரண்டாவது உயிரெழுத்து. பூஜெத்தில் நெடில் ‘ஊ’வுக்குரிய ‘ஓ-யு’ என்ற இரண்டு எழுத்துகள் இருந்தன. திரும்பி வந்த சொல்லில் வெறும் ‘யு’ மட்டும். அதைப் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் முறைப்படி வாசிப்பதால் ‘ப்யூட்ஜே’ என்று கேட்கிறது.

மூன்றாவதுதான் வேடிக்கை. பூஜெத் பெண்பால், கடைசித் ‘த்’ ஒலிக்கும். திரும்பி வந்த ப்யூட்ஜே ஆண்பால். கடைசி எழுத்து ஒலிக்காது. ஆங்கிலத்தில் விகுதியின் வால் எழுத்துகள் உதிர்ந்துவிட்டதால், பிரெஞ்சுக் கண்ணுக்கு அது ஆண்பால் விகுதியாகத் தெரிந்தது. வீட்டை விட்டுப் பெண்ணாகப் போன சொல் ஆணாகத் திரும்பியது.

18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரெஞ்சு எழுத்தாளர்கள் இங்கிலாந்து விவகாரங்களைப் பேசும்போது மட்டும் இதைப் பயன்படுத்தினார்கள். 1781இல் பிரான்சின் நிதிப் பொறுப்பிலிருந்த நெக்கர், மன்னரின் வரவு செலவை அச்சிட்டு ஊருக்கே காட்டியபோதும் அதற்கு பட்ஜெட் என்று பெயர் வைக்கவில்லை. மன்னருக்குத் தரும் கணக்கு என்றுதான் வைத்தார். 19ஆம் நூற்றாண்டில் சொல் நன்றாக வேர்பிடித்து, அரசாங்கச் சம்பளத்தில் காலம் தள்ளுபவர்களைக் கிண்டல் செய்ய ‘பட்ஜெட்தின்னி’ என்று ஒரு சொல்லையே பிரெஞ்சுக்காரர்கள் உண்டாக்கிக்கொண்டார்கள்.

இப்படிப் போய்த் திரும்பிய வேறு சொற்கள் உண்டா?

டிக்கெட், ஸ்போர்ட், டனல். மூன்றும் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம் போய், புதுப் பொருளோடு பிரெஞ்சுக்குத் திரும்பியவை. டனல் முதலில் பீப்பாய்.

பழைய பூஜ் பிரெஞ்சில் செத்துவிட்டதா?

இல்லை, தரம் இறங்கிவிட்டது. பை என்பதிலிருந்து சின்ன அறை, சாமான் அறை என்று மாறி, இன்று அழுக்கடைந்த குடிசை, மோசமான சாராயக்கடை என்ற பொருளில் நிற்கிறது. பீப்பாயின் நடுவில் உப்பியிருக்கும் பகுதிக்கும் அதே பெயர். பூஜெத் வழக்கொழிந்துவிட்டது. பாரிஸ் கடையில் தோல்பைக்கு பூஜெத் என்று கேட்டால் யாருக்கும் புரியாது.

ஆங்கிலத்தில் இதற்கு உறவுச் சொற்கள் எவை?

வீக்கத்தைக் குறிக்கும் ‘பல்ஜ்’ நேரடிச் சகோதரம். அதுவும் முதலில் பை என்ற பொருளில்தான் வந்தது. கப்பலின் அடிவயிற்றைக் குறிக்கும் ‘பில்ஜ்’ அதன் திரிபு. வயிறு என்ற ‘பெல்லி’யும் கொல்லன் துருத்தியான ‘பெல்லோஸ்’உம் லத்தீன் வழி வராமல் ஜெர்மானிய வழியாக அதே வேரிலிருந்து வந்த ஒன்றுவிட்ட உறவுகள். இத்தாலிய மொழியில் ‘போல்ஜா’. கவிஞர் தாந்தேயின் காவியத்தில் வரும் நரகத்தில் எட்டாம் வட்டத்துக்கு ‘மாலெபோல்ஜே’ என்று பெயர். தீய பைகள் என்று பொருள். அப்படிப் பத்துப் பள்ளங்கள். ஏமாற்றுக்காரர்கள் வகைவகையாக அங்கே கிடக்கிறார்கள். லஞ்ச அதிகாரிகளுக்குத் தனிப் பள்ளம்.

எவற்றை உறவு என்று தவறாகச் சொல்கிறார்கள்?

‘பூஜே’ என்ற பிரெஞ்சு வினை, நகர்தல் என்று பொருள். கையோடு நகர்த்திச் செல்லும் பை என்பதால் பூஜெத் என்று விளக்கம் சொல்வதுண்டு. தவறு. அந்த வினை ‘கொதித்தல், குமிழியிடுதல்’ என்ற வேறொரு லத்தீன் வேரைச் சேர்ந்தது. மெழுகுவர்த்தியான ‘பூஜி’, மெழுகு ஏற்றுமதிக்குப் பேர்போன அல்ஜீரியத் துறைமுகம் பெஜாயாவின் பெயர். ‘பட்ஜி’ கிளியின் பெயர் ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியிலிருந்து வந்தது. பல்கேரியா ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர். ‘பேக்’ என்ற ஆங்கிலச் சொல்கூட இந்தக் குடும்பம் இல்லை. பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்ததாகவே பொதுவாகக் கொள்கிறார்கள்.

நிதி அமைச்சர்கள் பெட்டி தூக்குவது இந்தச் சொல்லால்தானே?

காலம் பொருந்தவில்லை. லண்டனில் படமெடுக்கக் காட்டிவந்த சிவப்புப் பெட்டி, அப்போதைய நிதி அமைச்சர் கிளாட்ஸ்டனுக்காக 1860 வாக்கில் செய்யப்பட்டது. மரப்பெட்டி, வெளியே சிவப்புத் தோல், உள்ளே கறுப்பு சாட்டின். வால்போல் கேலிக்குள்ளாகி அதற்குள் நூறு ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. அரசு ஆவணங்களுக்கென இருந்த பெட்டி வழக்கத்தின் நீட்சி அது. பழைய பூஜெத்தின் வாரிசு அல்ல. ஆனால் 1965இல் ஜேம்ஸ் கல்லகன் வேறு பெட்டி எடுக்கும்வரை அதே பெட்டி கைமாறிக்கொண்டே இருந்தது. கடைசியாக 2010இல் ஜார்ஜ் ஆஸ்போர்ன் அதைத் தூக்கினார்.

இந்தியாவில் முதல் பட்ஜெட்டை 1860இல் ஜேம்ஸ் வில்சன் சமர்ப்பித்தார். விடுதலைக்குப் பிறகு முதல் பட்ஜெட் 1947 நவம்பர் 26இல், கோவைக்காரரான ஆர்.கே. சண்முகம் செட்டியாருடையது. தோல்பெட்டி வழக்கம் பிரிட்டனிடமிருந்து ஒட்டிக்கொண்டது. 2019 ஜூலையில் நிர்மலா சீதாராமன் அதை விட்டு, வடநாட்டு வணிகர்களின் கணக்குப் புத்தகமான ‘பஹி காத்தா’ பாணியில் சிவப்புத் துணியில் பொதிந்து கொண்டுவந்தார். 2021இல் சிவப்பு உறைக்குள் ஒரு டேப்லெட். விசித்திரம் என்னவென்றால், காலனியப் பெட்டியைத் தவிர்க்கப் போய், சொல்லின் மூலப் பொருளான சிறு பைக்கே வந்து சேர்ந்துவிட்டார்கள்.

இன்னொன்று. இந்திய அரசமைப்புச் சட்டத்தில் பட்ஜெட் என்ற சொல்லே கிடையாது. மத்திய அரசுக்கு 112ஆவது பிரிவு, மாநிலங்களுக்கு 202ஆவது பிரிவு. இரண்டிலும் ‘ஆண்டு நிதிநிலை அறிக்கை’ என்றுதான் இருக்கிறது. போட்டித் தேர்வுகளில் அடிக்கடி கேட்கப்படுவதால் சொல்லி வைக்கிறோம்.

வேறு நிதிச் சொற்களும் பையிலிருந்து வந்தவையா?

ஆச்சரியப்படும் அளவுக்கு. ‘ஃபிஸ்கல்’ என்பதன் மூலமான லத்தீன் ‘ஃபிஸ்குஸ்’ பின்னிய கூடை. பிறகு பணக்கூடை, பிறகு பேரரசரின் கருவூலம். தோலைக் குறித்த கிரேக்கச் சொல் பிற்கால லத்தீனில் ‘புர்சா’ ஆகி, பிரெஞ்சில் ‘பூர்ஸ்’, ஆங்கிலத்தில் ‘பர்ஸ்’. கல்லூரிகளில் கட்டணம் வாங்கும் பர்சார், செலவழித்ததைத் திரும்பப் பெறும் ரீஇம்பர்ஸ்மென்ட் எல்லாம் அந்தப் பர்ஸின் பிள்ளைகள். நாம் மன்னர் மானியம் என்று சொன்னதும், 1971இல் ஒழித்ததும் ஆங்கிலத்தில் ‘பிரிவி பர்ஸ்’தான். அமைச்சரின் இலாகாவான ‘போர்ட்ஃபோலியோ’வும் தாள் வைக்கும் உறைதான்.

வேறொரு சொல்லுக்கு இதே ஆய்வை நானே செய்ய என்ன வழி?

முதலில் ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதியில் பழமையான பொருளையும் அதன் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்றைய பொருளிலிருந்து தொடங்குவதுதான் பெரும்பாலானோர் சறுக்கும் இடம். பட்ஜெட்டை ‘நிதி’யிலிருந்து தேடத் தொடங்கினால் 1733க்கு மேலே ஏற முடியாது.

அடுத்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ‘திரேசோர்’ பிரெஞ்சு அகராதி. அதில் பதிவின் அடியில் சொல்வரலாறு தனிப் பகுதியாக இருக்கும். ஒரே பொருள் ஆங்கிலத்தில் முந்தியும் பிரெஞ்சில் பிந்தியும் பதிவாகியிருந்தால், சொல் எந்த வழி பாய்ந்தது என்று அங்கேயே தெரிந்துவிடும். பிறகு செவ்வியல் லத்தீனுக்கு லூயிஸ்–ஷார்ட் அகராதி, இடைக்கால லத்தீனுக்கு து காஞ்ஜ்.

லத்தீன் வடிவத்துக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். நட்சத்திரம் இருந்தால் அது எந்த நூலிலும் கிடைக்காத, அறிஞர்கள் ஊகித்துக் கட்டிய வடிவம். புல்காவுக்கு நட்சத்திரம் கிடையாது. ‘பூஜே’ வினையின் மூலத்துக்கு உண்டு.

கடைசியாக, நீங்கள் சொல்லும் ஒலி மாற்றம் வேறு இரண்டு சொற்களிலாவது நடந்திருக்கிறதா என்று சோதியுங்கள். நடக்கவில்லை என்றால் கையில் இருப்பது சொல்வரலாறு அல்ல, ஓசை ஒற்றுமை.

தமிழில் என்ன எழுதலாம்?

தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் நிதிநிலை அறிக்கை, பேச்சில் பட்ஜெட். இலங்கையில் வரவு செலவுத் திட்டம் என்பதே பெருவழக்கு, பத்திரிகைகளில் பாதீடு என்றும் வரும். பாதீடு பழைய சொல். தொல்காப்பியத்தில் வெட்சித் திணையின் ஒரு துறை அது: கவர்ந்து வந்த ஆநிரையை வீரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது. ‘பாத்தூண்’ என்று குறள் பகுத்துண்பதைச் சொல்வதும் இதே பாத்து. சேர்த்து வைக்கும் பையைவிட, யார் யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பதைச் சொல்லும் இந்தச் சொல் விஷயத்துக்கு நெருக்கம் என்பது எங்கள் கருத்து. பற்றாக்குறைக்கு மட்டும் இரு கரையிலும் ஒரே பேச்சுதான்: துண்டு விழுகிறது.